ஒரே ஜோடிக் கம்பி

எங்கள் முணுமுணுவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அவள் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வரும். எந்த வேலையைத் தொட்டாலும் வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டு செய்வாள் என்பதால் முணுமுணு என்று பெயர் வைத்தது நான். பூட்டோடு பேசுவாள், கரண்டியோடு பேசுவாள். மனிதர்களிடம் பேசச் சொன்னால்தான் வாயைத் திறக்கக் காசு கேட்பாள்.

அவளும் அவள் அம்மாவும் குடியிருக்கும் வீட்டின் முன்னறையில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்குப் பின்னால் நீளமான ஒரு நடை, அப்புறம் சமையலறை, அதற்கும் பின்னால் அவளுடைய அம்மாவின் அறை. மாடிப்படி திரும்பும் இடத்தில் பெட்டி மாதிரி ஒரு சின்ன அறை உண்டு. ஒரு மேசை போட்டால் ஆள் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். படியேறிப் போனால் வீட்டுக்காரர். ஆணி என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற ஆள் அவர்.

கடை, பின்னறை, மாடிப்படி அறை மூன்றிலும் அறைக்கொரு போன் இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே நம்பர், ஒரே ஜோடிக் கம்பி. கம்பி என் கடையில் நுழைந்து, சுவருக்குள்ளேயே பின்னறைக்குப் போய், அங்கிருந்து மேலே ஏறுகிறது. எல்லாம் வீட்டுக்காரரின் அப்பா காலத்து ஏற்பாடு.

அவள் அம்மாவை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். நல்லாயிருந்த காலத்தில் பெரியம்மாவின் வாய்க்கு ஊரே பயப்படும். ஆனால் டீ போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டால் மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்காது. அதனால் ரிசீவரைக் கையில் எடுத்து, அது உட்காரும் கட்டையை விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். கடை போனில் 'டிங்' என்று ஒரு சின்ன மணிச் சத்தம் வரும். ஒரு டிங் என்றால் டீ. இரண்டு என்றால் 'ஆறிப்போகுது, வா'. விடாமல் டிங் டிங் என்றால் திட்டு. வருஷக்கணக்காக இது நடந்தது.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். வலது கையும் காலும் போயின. வாயும் போனது. எல்லாரையும் ஒரு பிடி பிடித்தவளுக்கு 'ஆ' என்ற ஒரு சத்தம்தான் மிச்சம். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து படுக்கையில் போட்ட பிறகு, நாங்கள் என்ன கேட்டாலும் அதே 'ஆ'. தண்ணீரா, வலியா, எதுவும் தெரியாது. முணுமுணு சமையலறைச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுவாள்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் கடை போன் டிங் என்றது. நான் கத்தரியைப் போட்டுவிட்டு ஓடினேன். பெரியம்மா இடது கையால் ரிசீவரை நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டு, கட்டையில் விரலை வைத்தபடி என்னைப் பார்த்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் நம்பவில்லை. மறுபடி கடைக்குப் போய் உட்கார்ந்தோம். இரண்டு டிங். போய்ப் பார்த்தால் படுக்கையிலிருந்து எழுப்பச் சொல்கிறாள்.

அன்றிலிருந்து ஒன்று தண்ணீர், இரண்டு கழிப்பறை, மூன்று வலி. விடாமல் அடித்தால் பழையபடி திட்டு. வேலை இல்லாத நேரத்தில் நானும் இங்கிருந்து தட்டுவேன், அவள் பதிலுக்குத் தட்டுவாள். அதில் அர்த்தம் ஒன்றும் கிடையாது. வம்பு பேசுவதில் மட்டும் என்ன அர்த்தம் இருக்கிறது? ஒருமுறை கோபத்தில் தட்டிய தட்டில் எங்கேயோ நம்பர் சுழன்று ஒரு பல் டாக்டருக்கு லைன் போய்விட்டது. நான் கடையில் எடுத்துக் கேட்டபோது, இவள் 'ஆ' என்கிறாள், அவர் எந்தப் பல் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

மணியோ பட்டனோ வைத்துக் கொடுக்கலாமே என்று பெரியம்மாவைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டோம். "முன்னாடி கை பழகினது நிக்கும். புதுசா எதையும் பழக்க முடியாது" என்றார். முயன்றும் பார்த்தோம். கைமணியைத் தூக்கி எறிந்தாள். பட்டனை வாயில் வைத்தாள்.

இதெல்லாம் சொல்லாமல் இந்த வீட்டில் நெட் இழுத்த கதையைச் சொன்னால் விளங்காது.

முணுமுணு ஒரு டிக்கெட் ஆபீசில் வேலை பார்த்தவள். அம்மா விழுந்ததும் வேலையை விட்டாள். வீட்டுச் செலவு வெளியூரில் இருக்கும் அண்ணன் தலையில் விழுந்தது. கொஞ்ச காலம் தாங்கினார். ஒரு நாள் வந்து, நின்றபடியே பேசினார். "நீ வேலைக்குப் போனா அம்மாவைப் பாக்க ஆள் இல்ல. போகலன்னா வீடு நடக்காது. இந்த மாசம் வரைக்கும் பாரும்மா. முடியலன்னா முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம். பேசி வெச்சுட்டேன்." பெரியம்மா படுத்திருந்த அறையின் வாசலில் நின்று இதைச் சொன்னார். வாய்தான் போனது, காது போகவில்லை என்று எனக்கு அவரை நாலு வார்த்தை கேட்கத் தோன்றியது. முன்னறையில் கடை வைத்திருக்கும் நான் கேட்டால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

முணுமுணு வாசல் வரை அவரோடு போனாள். "அங்க யாரு அண்ணா போன் வெப்பாங்க? அம்மா தட்டினா அங்க யாருக்குப் புரியும்?" என்று கேட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்றை அவள் எப்படியோ பிடித்தாள். காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்குக் கம்ப்யூட்டர் வழியாகப் பேசிப் பதில் சொல்ல வேண்டும். "உனக்கா, பேச்சு வேலையா?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நிபந்தனைகளைச் சொன்னாள். கதவு சாத்திய தனி அறை வேண்டும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். வைஃபை கூடாது, வயர் வழியாகத்தான் இணைப்பு. முதல் வாரம் சோதனை. அந்த வாரத்தில் மூன்று தடவை இணைப்பு அறுந்தால் வேலை இல்லை. தேறிவிட்டால் அவ்வளவு கெடுபிடி கிடையாது, அறுந்தால் ஒரு செய்தி அனுப்பிவிட்டு மறுபடி சேர்ந்துகொள்ளலாம்.

இன்டர்நெட் பெட்டி என் கடையில். தனி அறை என்றால் அந்த மாடிப்படி அறைதான். நடுவில் முழு வீடும் கிடக்கிறது. நீள வயர் வாங்கி, படிக்கட்டுக் கைப்பிடியோடு கட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்காரர் அதை அவிழ்த்து, அழகாகச் சுருட்டி, வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். சுவரில் துளை போடக் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நான் எழுதப்போவதில்லை.

அப்போதுதான் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைக்காரர் ஒருவர் ஒரு ஜோடிப் பெட்டி கொடுத்தார். போன் கம்பி மேலேயே நெட்டை ஏற்றுகிற பெட்டி. "போன் பேச்சு ஒரு பக்கமா போகும், நெட் வேற பக்கமா போகும். ரெண்டும் ஒரே கம்பிதான், ஆனா ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்காது" என்றாராம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் இடித்துக்கொள்ளாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

அவள் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தாள். மூன்று அறையிலும் சுவரில் இருந்த போன் பெட்டியைத் திறந்தாள். கம்பியின் முனைகள் களிம்பேறிப் பச்சையாகிக் கிடந்தன. சுரண்டுவதற்கு என் நல்ல கத்தரியை எடுத்தாள் என்று ஒரு சண்டை வந்தது. ஒவ்வொரு முனையாகச் சுரண்டி, முறுக்கி, திருகி, "வா, வா, உள்ள போ, அவ்ளோதான்" என்று கம்பியிடம் கெஞ்சிக்கொண்டே செய்தாள். ஒரு பெட்டியை என் கடையில் மாட்டினாள். இன்னொன்றை மேலே மாட்டினாள்.  பிறகு படியில் தடதடவென்று இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மேலே பச்சை விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டரில் நெட் வருகிறது. பெரியம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். "அம்மா, நீ எங்கயும் போக வேணாம்மா."

அந்தச் சந்தோஷம் அன்று சாயங்காலம் வரைதான். மேலே விளக்கு திடீரென்று சிவப்பாகும். அரை நிமிடம் தவித்துவிட்டு மறுபடி பச்சையாகும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எலி கடித்திருக்கும் என்றாள். ஈரம் என்றாள். கம்பியை மறுபடி சுரண்டினாள். பிறகு கடைக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "உன் மெஷின் மோட்டாராலதானோ என்னவோ... கொஞ்ச நேரம் நிறுத்திப் பாக்கலாமா?" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடச் சீருடை மலையாகக் கிடக்கிறது. "உனக்கு வேலை வேணும்னா எனக்கு வேண்டாமா?" என்று கத்தினேன். கத்திவிட்டு, மெஷினையும் நிறுத்தினேன்.

மெஷின் நின்றதும் கடை அமைதியானது. கடைப் பெட்டியின் விளக்கை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்திலிருந்த போன் டிங் என்றது. பச்சை சிவப்பானது.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் எழுந்துபோய் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தாள். "இன்னொரு தடவை பாப்போம்" என்றாள். பார்க்கத் தேவையே இல்லை. சற்று நேரத்தில் மூன்று டிங் வந்தது. விளக்கு மறுபடி சிவப்பானது.

கடைக்காரரிடம் ஓடினாள். போனுக்கு முன்னால் மாட்டுகிற ஒரு சின்ன வடிகட்டியைக் கொடுத்தார். பேச்சுக்கு அது சரியாக இருந்தது, தட்டுக்கு இல்லை. வேறு ஜோடிக் கம்பி இருக்கிறதா என்று தேடினாள். சுவருக்குள் இருந்தது அந்த இரண்டே கம்பி. அம்மா பேசுவதும் அதில்தான், மகள் பிழைப்பதும் அதில்தான். அன்றைக்கு அவள் முணுமுணுக்கவே இல்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் அம்மாவிடமே போய்க் கெஞ்சினாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டு, "நான் மேல இருக்கறப்ப மட்டும் தட்டாதம்மா. இடைவேளையில நானே வந்துடுவேன்" என்றாள். பெரியம்மா 'ஆ' என்றாள். புரிந்ததோ இல்லையோ, மறுநாள் காலை முழுக்க ஒரு டிங்கும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது படுக்கை நனைந்திருந்தது. ரிசீவர் கையில் இருக்கிறது, கண்ணில் நீர் வழிகிறது. அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள். மாற்றிவிட்டு வந்து முணுமுணுவிடம் சொன்னேன். அவளே போய், "தட்டும்மா, தட்டு, பரவாயில்ல" என்று அழுதாள். எதைத்தான் செய்வாள்?

சோதனை வாரம் தொடங்கியது. முதல் நாள் இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒரு டிங். அவள் யாருக்கோ விபத்துக் காப்பீட்டைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள், பாதியில் அறுந்தது. இரண்டாம் நாள் அந்தத் திட்டு. பெரியம்மாவுக்கு என்ன கோபமோ, விடாமல் அடித்தாள். நான் ஓடுவதற்குள் மேலே இணைப்பு அறுந்திருந்தது, அத்தனை டிங்கும் சேர்ந்து ஒரே தடவையாகத்தான் கணக்கானது. அன்று மேற்பார்வையாளர் அவளை அழைத்துப் பேசினார். கனிவாகத்தான் பேசினாராம். "உங்க குரல் நல்லாயிருக்கு. பொறுமையா பேசறீங்க. ஆனா இன்னொரு தடவை கட் ஆச்சுன்னா என் கையில எதுவும் இல்லம்மா."

சாயங்காலம் அண்ணனும் போன் செய்தார். இல்லத்தில் ஒரு படுக்கை காலியாகிறதாம், வைத்திருக்கச் சொல்லவா என்று கேட்டார்.

மறுநாள் காலையில் முணுமுணு பின்னறைக்குள் போனாள். நான் நடையில் நின்றிருந்தேன். சுவரோரம் குந்தி, போன் பெட்டியைத் திறந்து, பெரியம்மாவின் போனுக்குப் போகும் இரண்டு கம்பியில் ஒன்றைக் கழற்றினாள். மூடியைப் பழையபடி திருகினாள். போனை எடுக்கவில்லை. கைக்கு எட்டும் இடத்திலேயே வைத்தாள்.

"போனையும் எடுத்துடேன்" என்றேன். "செத்த போனை எதுக்குக் கையில குடுக்கற?"

"எடுத்தா தேடுவாங்க. தேடி கட்டில்லேந்து விழுந்துட்டா?" என்றாள். "இந்த வாரம் மட்டும்தான். நீ கொஞ்சம் எட்டி எட்டிப் பாத்துக்கோயேன். உன் கால்ல விழறேன்."

"சொல்லிட்டாவது போ."

"என்னன்னு சொல்வேன்?" என்றாள். 

நான் எட்டி எட்டிப் பார்த்தேன். என்னால் முடிந்த மட்டும் பார்த்தேன். ஆனால் தண்ணீர் கேட்ட பிறகு தண்ணீர் வருவது வேறு, கேட்காத நேரத்தில் வந்து நிற்பது வேறு. ஒருமுறை நடையில் போகும்போதே அவள் தட்டுவதைப் பார்த்தேன். ஒரு தட்டு தட்டிவிட்டு வாசலைப் பார்த்தாள். மறுபடி ஒன்று தட்டிவிட்டு ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டாள். அதில் முன்பு எப்போதும் இருக்கும் அந்த 'கொய்ங்' சத்தம்கூட இல்லை. நான் உள்ளே போய்த் தண்ணீர் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், நீ கேட்டு வந்தாயா, தற்செயலாக வந்தாயா என்ற கேள்வி இருந்தது. 

இடைவேளையில் முணுமுணு இறங்கி வந்ததும் சொன்னேன். "போதும்டி. மாட்டிவிடு. அவங்க தட்டித் தட்டிப் பாக்கறாங்க." அவள் அம்மாவின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு அப்படியே நின்றது. "மாட்டினா அம்மா அந்த இல்லத்துல போய்ப் படுக்கணும்" என்றாள். "இன்னும் ரெண்டு நாள். அப்புறம் எத்தனை தட்டு வேணும்னாலும் தட்டட்டும்." அவள் சொன்னது நியாயம். நியாயம் என்பதால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது.

வாரம் முடிந்தது. மேலே விளக்கு ஒரு முறைகூடச் சிவப்பாகவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்று மேற்பார்வையாளர் சொன்ன மறு நிமிடம் முணுமுணு படியில் உருண்டு விழாத குறையாக இறங்கி வந்தாள். என்னிடம் சொல்லக்கூட நிற்காமல் பின்னறைக்குப் போய்க் கம்பியை மாட்டினாள். ரிசீவரை எடுத்து அம்மாவின் காதில் வைத்தாள். "கேக்குதா? லைன் வந்துடுச்சும்மா. வேலை கிடைச்சுடுச்சு. நீ இங்கதான் இருக்கப்போற."

பெரியம்மா 'ஆ' என்றாள். ரிசீவரை அவள் கையில் கொடுத்தபோது வாங்கிக்கொண்டாள். நாங்கள் கடைக்கு ஓடிவந்து போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். டிங் வரவில்லை. களைத்திருப்பாள் என்றேன். மறுநாளும் வரவில்லை. நான் கடையிலிருந்து தட்டினேன், பழைய வம்பு மாதிரி. அங்கே மணி அடித்தது இங்கே கேட்டது. பதில் இல்லை. போய்ப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. போனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூளையில் இன்னொரு அடைப்பு வந்திருக்குமோ என்று டாக்டரைக் கூட்டிவந்தோம். புதிதாக ஒன்றும் இல்லை, கையும் முன்பு போலத்தான் இருக்கிறது என்றார். தலையணையைச் சரிசெய்கிறாள், போர்வையை இழுத்துக்கொள்கிறாள். அந்தக் கட்டையை மட்டும் தொடுவதில்லை. புதிதாக எதையும் பழக்க முடியாது என்றாரே அதே டாக்டர், அவரிடம் கேட்க வேண்டும் போல் இருந்தது எனக்கு. தட்டினால் யாரும் வரமாட்டார்கள் என்பதை மட்டும் எப்படி நாலே நாளில் பழகிக்கொண்டாள்?

இப்போது முணுமுணு நேரம் வைத்துக்கொண்டு இறங்கி வருகிறாள். தண்ணீர் கொடுக்கிறாள், எழுப்புகிறாள், படுக்கவைக்கிறாள். அம்மா சுத்தமாக இருக்கிறாள், வேளைக்குச் சாப்பிடுகிறாள். வலி இருக்கிறதா என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

போன வாரம் அண்ணன் வந்தார். அம்மாவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அவசரமில்லாமல் இருந்தார், அவருக்கும் மனசு லேசாகியிருக்கிறது. போகும்போது தங்கையின் தோளைத் தட்டிச் சொன்னார். "நீ நல்லபடியா சமாளிச்சுட்டம்மா. அம்மாவும் பாரு, இப்ப எவ்வளவு அமைதியா இருக்காங்க. முன்னாடி மாதிரி தொந்தரவே இல்ல."

 முணுமுணு அவரை அனுப்பிவிட்டுப் பின்னறைக்குப் போனாள். அவள் வேலை நேரம் தொடங்கிவிட்டது, மேலே அழைப்புகள் வந்துகொண்டிருக்கும். நான் கூப்பிடலாம் என்று போனேன். அம்மாவின் இடது கையை எடுத்து, விரலை மடக்கி, அந்தக் கட்டையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் என் கடையில் டிங் என்றது.

"இப்படித்தான், இப்படித்தாம்மா. என்னைத் திட்டும்மா. லைன் போனா போகட்டும், ஒரே ஒரு தடவை நீயா தட்டு" என்று சொல்லிக்கொண்டே அவள் தன் கையை எடுத்தாள். பெரியம்மாவின் கை கட்டையிலிருந்து வழுக்கிப் போர்வையின் மேல் விழுந்தது.